மேல் மீட்டர், கீழ் மீட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டினேன். வெளியிலிருந்து வந்து இறங்குகிற சாமானைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. போல்ட்டோ வாஷரோ எது வந்தாலும் பெட்டியைப் பிரித்து, பத்துப் பீஸ் பொறுக்கி, வெர்னியரில் அளந்து, முடி அளவு பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். சப்ளையர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அதைச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த மரியாதையாக நான் எடுத்துக்கொண்டேன். ரிட்டயர் ஆனபிறகும் புத்தி மாறவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுத்தான் உள்ளே எடுப்பேன். டெய்லரிடம் துணி கொடுத்தால் வெட்டுத் துண்டையும் கேட்டு வாங்குவேன். "உங்களோட கடைக்கு வர்றதுக்கு நான் வீட்டுலயே கிடக்கலாம்" என்பாள் மனைவி.

வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. கீழே நானும் மனைவியும். மாடியில் என் தங்கை. அவள் புருஷன் போனபிறகு ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். இரண்டு கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்துச் சுற்றுப்பட்ட தெருக்களுக்கு ஊற்றுகிறாள். அவளுடைய சோறும், காலேஜில் படிக்கிற மகளுடைய ஃபீஸும் அந்த மாவில்தான் வருகிறது. வாடகை என்று நான் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை. அந்தப் பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை.

போன சித்திரையில் அவள் கீழே இறங்கி வந்து, "அண்ணா, நான் ஊட்டைக் காலி பண்ணலாம்னு கீறேன்" என்றாள். நான் மொட்டைமாடியில் சோலார் போட்டு அப்போது எட்டு மாதம். அவள் போவதற்கும் என் சோலாருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது வேறு ஒன்று. அதைச் சொல்வதற்கு முன் சோலார் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆடி முடியும் சமயம் ஒரு சோலார் கம்பெனி ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப்லெட். மூன்று கிலோவாட், மொத்தம் இரண்டு லட்சம், அதில் மானியம் எழுபத்தெட்டாயிரம் பிறகு பேங்க் கணக்குக்கு வந்துவிடும், மிச்சம் கைக்காசு என்றார். "நாலு வருஷத்துல போட்ட காசு திரும்ப வந்துடும் சார். அதுக்கப்புறம் இருபது வருஷம் சும்மாதான்." சும்மா என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சும்மா கொடுக்கிறவன் எதற்கு வெயிலில் இவ்வளவு தூரம் வருகிறான்?

அவரிடம் நான் கேட்ட கேள்விகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். மழைக்காலத்தில் எத்தனை யூனிட், தூசி படிந்தால் எத்தனை யூனிட், நீங்கள் கம்பெனியை மூடிவிட்டுப் போனால் கேரண்டிக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது. அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் சோலார் போட்டிருந்தவர் வீட்டுக்குப் போய், அவருடைய பில்லை வாங்கி என் கண்ணால் பார்த்த பிறகுதான் சரி என்றேன். அதிலும் அவருக்கு அந்தக் கம்பெனி கமிஷன் கொடுத்திருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"கரண்ட் பில்லைக் காட்டுங்க சார், அதை வச்சுத்தான் எவ்ளோ போடணும்னு சொல்ல முடியும்" என்றார் அந்த ஆள். முந்தைய கோடையில் என் மீட்டருக்கு வந்த ஆறாயிரத்துச் சொச்ச பில்லைக் காட்டினேன். மாடியில் இன்னொரு மீட்டர் இருப்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நம் வீட்டுச் சமாசாரம் எல்லாம் அவனுக்கு எதற்கு?

அந்த இரண்டு மீட்டர் விஷயம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. மாடி கட்டுகிறவர்கள் கைப்பிடிச் சுவர் எழுப்புவதற்கு முன்பே தனி மீட்டருக்கு எழுதிப்போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் ரேட்டு எங்கேயோ போய்விடும். ஒரே வீட்டின் கரண்டை இரண்டு மீட்டரில் பிரித்து ஓட்டினால் இரண்டுமே ஐந்நூறுக்குள் அடங்கும். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், மாடிப்படிக்கு அடியில் உள்ள மீட்டர் பெட்டிக்குள் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு வைத்திருந்தேன். கைப்பிடி கீழே இருந்தால் என் ஏசியும் தண்ணி மோட்டாரும் கீழ் மீட்டரில் ஓடும். மேலே தள்ளினால் மாடி மீட்டரில் ஓடும். தங்கை வருவதற்கு முன்பு மாடி காலியாக இருந்த காலத்தில் செய்தது. அவள் வந்தபிறகும் எப்போதாவது, "இந்தத் தடவை பத்து நாள் உன் லைன்ல போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவேன். பில் வந்ததும் என் பங்கைக் கொடுத்துவிடுவேன். அதிலெல்லாம் நான் சுத்தம்.

ஆவணியில் பேனல் ஏறியது. நான் மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை. பேனலைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் கனத்தை என் பழைய வெர்னியரால் அளந்தேன். நட்டுகளை எண்ணினேன். வேலை செய்ய வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணாத்தே, வேணும்னா நீங்களே டைட் பண்ணிடுங்க" என்று ஒருவன் ஸ்பானரை என்னிடம் நீட்டினான். வாங்கி நானே நாலு நட்டை முறுக்கினேன். இன்வெர்ட்டர் மேல் ஒட்டியிருந்த நம்பரில் கடைசி எழுத்து பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. பழைய பெட்டியைத் துடைத்து என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நாலு நாள் சண்டை போட்டேன். பில் அடித்தவருக்குக் கைதவறிவிட்டது என்று வேறு பில் போட்டுக் கொடுத்தார்கள். அதை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

கீழ் மீட்டரை எடுத்துவிட்டு நெட் மீட்டர் வைத்து ஓடத் தொடங்கியதும் தினம் காலையில் ஒரு நோட்டில் எழுதினேன். இன்வெர்ட்டர் என்ன காட்டுகிறது, மொபைலில் என்ன காட்டுகிறது, மீட்டரில் எவ்வளவு உள்ளே வந்தது, கரண்ட் ஆபீஸ் லைனுக்கு எவ்வளவு வெளியே போனது. இன்வெர்ட்டருக்கும் மொபைலுக்கும் கால் யூனிட் வித்தியாசம் வந்தால் அந்தக் கம்பெனி ஆளுக்கு போன் பறக்கும். கொஞ்ச நாளில் அவர் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதையே விட்டுவிட்டார். மானியம் வரும்வரை அதுவும் வராது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்ததும், முழுசாக வந்திருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்த்தேன்.

ஆனால் முதல் பில்லைப் பார்த்தபோது என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதேதோ சார்ஜ் என்று ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். இத்தனைக்கும் நான் பகலெல்லாம் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் கொடுக்கிற கரண்ட், அனுபவித்தால் என்ன? ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து யூனிட் உபரியாக வெளியே போகிறது என்று நோட்டு சொன்னது. அந்த உபரி அடுத்த பில்லுக்கும் நின்றது. தெருவில் யார் நின்று பேசினாலும் பில்லை எடுத்து நீட்டினேன். நாலு வருஷம் என்றானே, மூன்றே வருஷத்தில் காசு வந்துவிடும் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

தங்கையின் போக்கு மாறியது அதற்குப் பிறகுதான். தினம் காலையில் ஒரு கிண்ணம் மாவு கீழே வரும். அது நின்றது. படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள். அண்ணன் வீட்டில் வெளிச்சம் வந்தால் தங்கைக்குக் கண் கூசுகிறது என்று நினைத்தேன். மனைவியிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். "அதுக்கு வேற கஷ்டம் ஏதோ கீது. போய்க் கேளுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை.

தை மாசத்தில் ஒருநாள் திருமழிசையில் ஒரு பழைய கூட்டாளியைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போது மாடிப்படிக்கு அடியில் தங்கை நிற்கிறாள். பக்கத்தில் கையில் டெஸ்டரோடு ஒரு எலெக்ட்ரீசியன். மீட்டர் பெட்டியின் கதவில் அவன் கை.

"இன்னா பண்றீங்க இங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணா. என் மீட்டர் ரொம்ப வேகமா ஓடற மாதிரி கீது. அதான் பாக்கச் சொன்னேன்."

"மீட்டரைப் பாக்கணும்னா கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடு. வெளி ஆளு எல்லாம் இதுல கை வைக்கக் கூடாது. என் சோலார் லைனும் இதுக்குள்ளதான் போவுது."

அவன் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு இரண்டு கிரைண்டரும் பகலில்தான் ஓடுகின்றன. என் லைனிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் மாவு சும்மா அரைபடும். கூடப் பிறந்தவளாக இருந்தால் என்ன, என் நட்டுகளை நான்தானே எண்ண வேண்டும்? அன்று மத்தியானமே கடைக்குப் போய் நல்ல கனமான பூட்டாக வாங்கிவந்து பெட்டியில் போட்டேன். ரீடிங்கைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம் என்பதால் யாருக்கும் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பூட்டும்போது அவள் மேல்படியில் நின்று பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாததே குற்றம் செய்ததற்கு அடையாளம் என்று வைத்துக்கொண்டேன்.

சித்திரையில் காலி பண்ணப்போகிறேன் என்று வந்து நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: திட்டம் பலிக்கவில்லை, கிளம்புகிறாள். "எங்க போற?" என்றேன். வெள்ளானூரில் ஒரு ரூமும் கிச்சனும் பார்த்திருப்பதாகச் சொன்னாள். பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.

"அங்க உன் மாவை யாரு வாங்குவா?"

"புதுசா புடிக்கணும். இங்க கட்டுப்படி ஆவலண்ணா."

ஆறு வருஷமாகக் கட்டிய வாடிக்கையை விட்டுவிட்டு, யாரையும் தெரியாத இடத்தில் போய் மறுபடி முதலிலிருந்து வீடு வீடாகக் கேட்க வேண்டும். அது தெரிந்தும் நான் இரு என்று சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் உச்சி வெயிலில் லைன்மேன் வந்து கேட்டைத் தட்டினார். மாடி மீட்டருக்கு பில் கட்டும் தேதி தாண்டிவிட்டது, ப்யூஸைப் பிடுங்க வேண்டும், பெட்டியைத் திறந்துவிடுங்கள் என்றார். தங்கை அப்போது மாவு ஊற்றப் போயிருந்தாள். போகிற அவசரத்தில் பில்லைக் கூடக் கட்டாமல் என் தலையில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்று எனக்குள் ஒரு கறுவல். சாவியை எடுத்து வந்து நானே பூட்டைத் திறந்துவிட்டேன். அவர் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

வீட்டுக்குள் திரும்பினேன். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏசி நின்றிருந்தது.

எனக்கு முதலில் அந்தக் கம்பெனிக்காரன் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வருஷம் கூட ஆகவில்லை, இன்வெர்ட்டர் காலி! ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. வெயில் அடித்துக் கொளுத்துகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது. ஏசி மட்டும் இல்லை.

"இன்னாங்க, அவரு மேல் ப்யூஸைப் புடுங்கின உடனேதாங்க நின்னுச்சு" என்றாள் மனைவி.

லைன்மேன் இன்னும் கிளம்பவில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், ஏசி நின்னுபூட்ச்சா? அப்ப உங்க ஏசி மாடி லைன்ல கீது சார்."

மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்து, சுவிட்சை மறைத்திருந்த அட்டையை விலக்கிப் பார்த்தேன். சேஞ்ச் ஓவர் கைப்பிடி மேலே இருந்தது.

எப்போது தள்ளினேன் என்று ஞாபகப்படுத்திக்கொள்ள ரொம்ப நேரம் ஆகவில்லை. நெட் மீட்டர் கொடுப்பதற்கு முன் கரண்ட் ஆபீஸிலிருந்து வந்து லைனைப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வருகிறவர் கீழ் லைனில் ஏசியும் மோட்டாரும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு லோடுக்கு நீ அனுமதி வாங்கவில்லை என்று பேப்பரைத் திருப்பிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாளைக்குத்தானே என்று அன்று காலையில் கைப்பிடியை மேலே தள்ளினேன். சாயங்காலம் இறக்கிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அன்று மத்தியானம்தான் இன்வெர்ட்டர் நம்பர் தகராறு ஆரம்பித்தது. நாலு நாள் அந்தச் சண்டையில் இருந்தவன் இதை மறந்தேபோனேன். சோலார்காரர்களாவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அந்தச் சுவிட்ச் மேல் ஒரு அட்டையை வேறு சொருகி வைத்திருந்தேன்.

எட்டு மாசம். நான் பகலெல்லாம் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது மாடி மீட்டரில். என் பேனல் கொடுத்த கரண்ட் பயன்படாமல் வெளியே போயிருக்கிறது. அதைத்தான் உபரி உபரி என்று தெருவெல்லாம் காட்டினேன். எஸ்டேட்டில் பத்துப் பீஸும் ஒரே அளவு காட்டினால் பீஸைப் பாராட்ட மாட்டோம், முதலில் அளக்கிற கேஜைத் தட்டிப் பார்ப்போம். இது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சாதகமாக வந்த கணக்கை மட்டும் நான் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

லைன்மேனை நிற்கச் சொல்லி, மாடி பில்லை அங்கேயே மொபைலில் கட்டினேன். ஆறாயிரத்து நானூறு. அதற்கு முந்தைய மூன்று பில்லையும் திறந்து பார்த்தேன். சோலார் போடும்வரை ஆயிரத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தவள், பிறகு ஒவ்வொரு தடவையும் நாலாயிரத்தை ஒட்டிக் கட்டியிருக்கிறாள். ஒரு கிலோ மாவில் அவளுக்கு நிற்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் திரும்பி வந்ததும் பின்னாலேயே மாடிக்கு ஏறினேன். பாதிச் சாமான் சாக்கில் கட்டியிருந்தது. ஒரு கிரைண்டரின் கல்லைக் கழற்றி, பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தாள். கைப்பிடி விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படுவாள், கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, "தெரியும்ணா" என்றாள்.

"தெரியுமா?"

"உன் ஏசி ஓடறப்பதான் என் மீட்டர் ஓடுது. மொட்டைமாடில உன் ஏசியோட அவுட்டரு பொட்டி சத்தம் கேக்கும்ல, அத்த வச்சுப் பாத்தேன். சரியா தெரிஞ்சுக்கலாம்னு தான் அந்த ஆளைக் கூட்டியாந்தேன். நீ உடனே பூட்டுப் போட்ட. அப்பதான் புரிஞ்சுச்சு, நீ தெரிஞ்சுதான் பண்றேன்னு."

"அப்பவே கேக்கறதுக்கு இன்னா?"

"இன்னான்னு கேக்கறது? ஆறு வருசமா வாடகை குடுக்காம கீறேன். நீ வாயைத் தொறந்து கேக்கக் கூச்சப்பட்டுக்கினு, சோலாருக்குப் போட்ட காசை இப்படி எடுத்துக்கிறேன்னு நினைச்சேன். முடிஞ்சவரைக்கும் கட்டுனேன். இந்தத் தபா முடியல, அதான் கிளம்பறேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. மறந்துபோய்ட்டேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. "நீயா மறப்ப?" என்றாள். "நட்டைக் கூட எண்ணிப் பாக்கிற ஆளுண்ணா நீ."

முப்பத்தொரு வருஷம் சேர்த்து வைத்த பெயர், உண்மையைச் சொல்லும்போது ஒரு பைசாவுக்கு உதவவில்லை. கீழே போய், மூன்று பில்லிலும் அவள் கூடுதலாகக் கட்டிய ஒன்பதாயிரத்தை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி, என் எதிரிலேயே ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். அதுவரை அவள் என்னிடம் வாங்கிய பணத்தை எண்ணி நான் பார்த்ததில்லை.

என் மனைவி மேலே வந்து இரண்டு நாள் கெஞ்சியதில் அவள் வெள்ளானூர் போகவில்லை. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. மறுபடி கிரைண்டர் ஓடுகிறது. கைப்பிடியை இறக்கி, சேஞ்ச் ஓவரையே கழற்றி எறிந்துவிட்டேன். இப்போது ஏசி என் மீட்டரில் ஓடுகிறது. மூன்று வருஷம் என்று பீற்றிக்கொண்டது போய், அந்த டேப்லெட் ஆள் சொன்ன நாலு வருஷம்தான் சரியாக வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்த மாசம் ஐந்தாம் தேதி தங்கை கீழே வந்தாள். நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை டீப்பாய் மேல் வைத்தாள். இன்னா இது என்றேன். வாடகை என்றாள். "எடுத்துக்கினு போ. உங்கிட்ட நான் வாடகை வாங்குவேனா?" என்று கத்தினேன். மனைவி கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவள் நோட்டைத் திரும்ப எடுக்கவில்லை. "வாங்கிக்கண்ணா" என்றாள். "வாங்கிக்கினு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடு. அப்பதான் வேற எதுலயும் நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்."

எழுதிக் கொடுத்தேன்.